மூடிய டேப்கள் திரும்ப வருமா? எஸ்எஸ்எம்எஸ், வொர்க்பெஞ்ச், டிபீவர் ஓர் ஒப்பீடு

சேவ் செய்யாத க்வெரிகள் (டேட்டாபேஸுக்கு எழுதும் கட்டளைகள்) மறுநாள் அப்படியே கிடைக்குமா என்பது, உங்கள் கிளையன்ட் (டேட்டாபேஸோடு இணைந்து க்வெரி எழுதும் புரோகிராம்) அவற்றை எங்கே எழுதி வைக்கிறது என்பதைப் பொறுத்தது.

எஸ்க்யூஎல் சர்வருக்கான கிளையன்டான எஸ்எஸ்எம்எஸ்ஸில் இருப்பது ஆட்டோரிகவர். முன்னிருப்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை நகலெடுத்து, 7 நாள் வைத்திருக்கும். ஆனால் இது புரோகிராம் கிராஷ் ஆனால் மட்டுமே கைகொடுக்கும். நீங்களே மூடும்போது வரும் ‘சேவ் செய்யவா?’ கேள்விக்கு ‘வேண்டாம்’ என்றால், அடுத்த முறை அந்த டேப் வராது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், என்விரான்மென்ட், ஆட்டோரிகவர் என்று போய் இடைவெளியை 1 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். முக்கியமானதைக் கையாலேயே சேவ் செய்யுங்கள்.

மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச் ஒரு படி மேல். மூடும்போது திறந்திருக்கும் எடிட்டர்களைப் பதிந்துவைக்கும் வசதி அதன் எஸ்க்யூஎல் எடிட்டர் அமைப்புகளில் இருக்கிறது. ஆனால் பதிவு ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனித்தனி. புரோகிராமைத் திறந்ததும் டேப்கள் வரவில்லையே என்று பதற வேண்டாம். அந்தக் கனெக்‌ஷனைத் திறந்தால்தான் வரும்.

நாள்கணக்கில் ஓடும் வேலைக்கு, பல வகை டேட்டாபேஸ்களோடு இணையும் டிபீவர்தான் எங்கள் தேர்வு. அதில் ஸ்கிரிப்ட்கள் புராஜெக்டின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் சாதாரண எஸ்க்யூஎல் ஃபைல்களாகவே இருக்கும். டேப்பை மூடினாலும் ஃபைல் இருக்கும், வேறு எடிட்டரில் திறக்கலாம், கிட்டில் (ஃபைல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) போடலாம். எடிட்டரை மூடும்போது தானாகச் சேவ் செய்யும் ஆப்ஷனையும் இயக்கிவையுங்கள். ஒரு எச்சரிக்கை: திரும்பத் திறக்கும் டேப் பழைய கனெக்‌ஷனோடு இணைந்தே வரும். அது புரொடக்‌ஷனாக (நிஜப் பயனர்களின் டேட்டாபேஸ்) இருந்து உள்ளே ஒரு டெலீட் காத்திருந்தால் ஆபத்து. ரன் கொடுக்குமுன் மேலே உள்ள கனெக்‌ஷன் பெயரைப் பாருங்கள். கனெக்‌ஷன் வகையைப் புரொடக்‌ஷன் என்று வைத்தால் நிறமே காட்டிக்கொடுக்கும்.

விண்டோஸில் எடை குறைந்த கிளையன்ட் போதும் என்றால் ஹெய்டிஎஸ்க்யூஎல்லும் சேவ் செய்யாத டேப்களைத் திருப்பித் தரும். அமைப்புகளில் அந்த ஆப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள்.

எந்தக் கிளையன்டானாலும் திரும்பி வருவது எழுத்து மட்டும்தான். கனெக்‌ஷன் அறுந்தவுடன் சர்வரில் அந்த செஷன் (அந்த இணைப்பு நீடிக்கும் காலம்) முடிந்துவிடும்: கமிட் செய்யாத டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் (ரத்து) ஆகும், டெம்ப் டேபிள் (தற்காலிக டேபிள்) அழியும், மைஎஸ்க்யூஎல்லின் @ வேரியபிள்கள் காலியாகும், போஸ்ட்கிரஸ்ஸில் செட் செய்த சர்ச் பாத் (டேபிளை எந்தெந்த ஸ்கீமாவில், அதாவது டேபிள் தொகுப்பில், தேடுவது என்ற வரிசை) பழைய நிலைக்குப் போகும். பாதி ஸ்கிரிப்டிலிருந்து தொடர்ந்தால் ‘டேபிள் இல்லை’ என்ற பிழை வருவது இதனால்தான். இதைவிட மோசம், பிழையே வராமல் வேறு ஸ்கீமாவில் அதே பெயருள்ள டேபிளில் க்வெரி ஓடிவிடுவது.

செஷன் எல்லையும் கிளையன்டுக்குக் கிளையன்ட் மாறும். எஸ்எஸ்எம்எஸ்ஸில் ஒவ்வொரு க்வெரி விண்டோவும் தனி செஷன். ஒன்றில் உருவாக்கிய # டேபிள் (டெம்ப் டேபிள்) மற்றதில் தெரியாது. வொர்க்பெஞ்சில் ஒரு கனெக்‌ஷனின் எல்லா க்வெரி டேப்களும் ஒரே செஷனைப் பகிர்கின்றன. டிபீவரில் பகிர்வதா, ஒவ்வொரு எடிட்டருக்கும் தனி செஷனா என்று தேர்ந்தெடுக்க ஆப்ஷன் உண்டு. அதனால் ஸ்கீமா தேர்வு, வேரியபிள், டெம்ப் டேபிள் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் எழுதி, திறந்ததும் அந்தப் பகுதியை முதலில் ஓட்டுங்கள்.