குரங்கணியும் கொடைக்கானலும்: ஊரில் நண்பர்களோடு நான்கு நாள்

நார்வேயில் பெர்கன் நகரில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, வங்கி வேலை, சொந்தக்காரர் வீடு என்றே விடுப்பு கரைந்துவிடும். 2025 ஜனவரியில் பொங்கல் முடிந்த கையோடு நான்கு நாளை யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்தேன். மதுரையில் கூடப் படித்த நண்பர்கள் இரண்டு பேர், தோழி ஒருத்தி, நான். தேனி மாவட்டத்தில் போடி பக்கம் இருக்கும் குரங்கணியில் ஒரு நாள் மலையேற்றம், அப்புறம் கொடைக்கானலில் இரண்டு இரவு. இதேபோல் வர நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, கிடைத்த வசதிகளையும் கிடைக்காதவற்றையும் எழுதி வைக்கிறேன்.

குரங்கணி என்றதும் அம்மா வேண்டவே வேண்டாம் என்றார். 2018 மார்ச் 11 அன்று அங்கே பற்றிய காட்டுத்தீயை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மலையேறப் போனவர்கள் இறங்கும் வழியில் காய்ந்த புல்சரிவில் மாட்டிக்கொண்டார்கள். 23 பேர் இறந்தார்கள். நான் அன்றைக்கு இரவு முழுக்க பெர்கனில் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கு என்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தார்கள். இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார், தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படும். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடல். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்ன பிறகுதான் "சரி, சொல்பேச்சுக் கேட்டு நட" என்று விட்டார்.

மதுரையிலிருந்து போடிக்கு ரயிலில் போனோம். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தியபோது நாங்கள் மாணவர்கள். அகலப்பாதை வேலை முடிந்து 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. இப்போது சென்னையிலிருந்தே வாரம் மூன்று நாள் வண்டி இருக்கிறது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி வளைந்து போகும்போது நால்வரும் கதவருகில் வந்து நின்றுவிட்டோம். கார் வாடகை பேசிக்கொண்டிருந்த நேரத்தை நினைத்தால், முதலிலேயே ரயிலைப் பார்த்திருக்கலாம்.

போடியில்தான் முதல் இடி. முன்பதிவு செய்திருந்த விடுதியில் என் கடவுச்சீட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்றார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் படிவமாக ஏற்ற வேண்டும்; அப்போது அதற்குப் பெயர் 'சி' படிவம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருப்பதால் இதிலிருந்து விலக்கு இல்லை. அந்த விடுதிக்கு அதற்கான பதிவே இல்லையாம். முன்பணம் வாங்கும்போது இதை யாரும் கேட்கவில்லை. வரவேற்பில் இருந்த பையன் என்ன செய்வான், முதலாளியிடம் பேசிப் பார்த்தான், முடியவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று இடம் ஏறி இறங்கினோம். நான்காவது இடத்தில் ஒரு பெரியவர் படிவத்தைத் தானே நிரப்பி, கடவுச்சீட்டை நகல் எடுத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் சாவியைக் கொடுத்துவிட்டார். வேலை அவ்வளவுதான்! சிறிய ஊரில் அறை எடுப்பவர்கள், காசு கட்டும் முன் போன் போட்டு "வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குப் படிவம் போடுவீர்களா" என்று கேட்டுவிடுங்கள்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். இளநீர்க் கடை வரைக்கும் கியூஆர் அட்டைதான். சில நாடுகளின் கைபேசி எண்ணைக் கொண்டு வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் யுபிஐ இணைக்கலாம். நான் போனபோது அந்தப் பட்டியலில் நார்வே இல்லை. நூறு, ஐம்பது ரூபாய்த் தாளாக வைத்திருந்தால்தான் பிழைத்தீர்கள். ஐநூறு ரூபாயை நீட்டினால் சில்லறை கிடையாது.

போடியிலிருந்து குரங்கணி ஏறத்தாழ 16 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பி, ஏழு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருந்தோம். அங்கே ஒரு டீக்கடை. நான்கு டீ, பணியாரம். கொடுக்கச் சில்லறை சரியாக இல்லை. கடைக்கார அம்மா, "இறங்கி வரும்போது குடுங்கய்யா, மலை எங்கே ஓடிறப்போகுது" என்றார். எங்களை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நார்வே மலையேற்றச் சங்கத்தின் குடில்கள் சிலவற்றில் ஆள் இருக்க மாட்டார்கள். உறுப்பினர் சாவியால் திறந்து, அலமாரியில் இருக்கும் உணவை எடுத்துச் சமைத்துக்கொண்டு, கணக்கை நாமே எழுதிப் பிறகு பணம் கட்டலாம். இதை வியந்து வியந்து நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வழிகாட்டியாக வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பக்கத்து மலைக்கிராமத்துப் பையன். முதலில் எங்கள் செருப்பு, காலணிகளைப் பார்த்தார். யாரிடமாவது தீப்பெட்டி, சிகரெட் இருக்கிறதா என்று கேட்டு, இருந்ததை வாங்கி அடிவாரத்திலேயே வைத்துவிட்டார். ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று எண்ணினார். இவ்வளவு பொறுப்பாக ஊரில் ஒருவர் என்னைச் சோதித்தது இதுதான் முதல்முறை; மனம் நிறைந்துவிட்டது.

நடக்க நடக்கக் கதையும் சொன்னார். மேலே இருக்கும் டாப் ஸ்டேஷன் என்ற பெயரை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், ஏன் அந்தப் பெயர் என்று யோசித்ததில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் மூணாறுத் தேயிலை சிறிய ரயிலில் அங்கே வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி நம் பக்கம் கீழே இறங்கியிருக்கிறது. கம்பிவடத்தின் மேல்முனை டாப் ஸ்டேஷன், இடையில் சென்ட்ரல் ஸ்டேஷன், அடியில் பாட்டம் ஸ்டேஷன். 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. தம்பியின் தாத்தாவின் அப்பா அந்தச் சரக்கு இறக்கும் வேலையில் மூட்டை தூக்கியவராம்.

இரண்டரை மணி நேரம் ஏறியிருப்போம். தம்பி சட்டென்று கையைப் பின்னால் நீட்டி எங்களை நிறுத்தினார். முன்னே பாதையில், எழுபது எண்பது அடி தூரத்தில், ஒற்றைக் காட்டு மாடு. ஒரு கார் அளவுக்கு உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் கால்கள். புதர் பக்கம் ஒதுங்கி உட்கார வைத்தார். இருபது நிமிடம் ஆயிற்று, நாற்பது நிமிடம் ஆயிற்று. மாடு மேய்ந்துகொண்டு அங்கேயேதான் நின்றது. "கூட்டமா இருந்தா நம்ம சத்தத்துக்கு விலகிரும்ணே. ஒத்தையா நிக்கிறது எப்படின்னு சொல்ல முடியாது. திரும்பிருவோம்" என்றார்.

நண்பன் ஒருவனுக்குத் தாங்கவில்லை. பணம் கட்டியாயிற்று, இன்னும் கொஞ்ச தூரம்தானே, மேலே சுற்றிக்கொண்டு போக முடியாதா என்று மெதுவாகத்தான் கேட்டான். தம்பி கோபப்படவில்லை. சரிவில் கைகாட்டி, "அந்தப் புல்லுக்குள்ள பாதை கிடையாதுண்ணே. அன்னைக்கும் பாதை இல்லாத இடத்துலதான் சிக்கினாங்க" என்றார். அதற்கப்புறம் யாரும் எதுவும் பேசவில்லை. எழுந்து திரும்பினோம்.

நார்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்பது விதிகள் உண்டு, பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். எட்டாவது விதி, காலத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. 1967 ஈஸ்டர் விடுமுறையில் 18 பேர் மலையில் இறந்த பிறகுதான் அந்த விதிகளை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே பாறைக்குப் பாறை சிவப்பில் 'டி' எழுத்து வரைந்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு தனியாகவே எத்தனையோ மலை ஏறியிருக்கிறேன். அதே பழக்கத்தில் இங்கேயும் வழிப்பலகை வேண்டும் என்று எழுத நினைத்துத்தான் வந்தேன். அந்த நாற்பது நிமிடத்துக்குப் பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. பலகை மாட்டைப் பார்க்காது. இந்தக் காட்டில் சேவை என்றால் அந்தத் தம்பியின் கண்ணும், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இருக்கும் உரிமையும்தான். பணம் கட்டியவர்கள் சத்தம் போட்டாலும் அந்த உரிமை அவரிடம் இருக்க வேண்டும். அவருக்குக் கிடைக்கும் கூலியும் பருவம் மூடிய மாதங்களில் வேலையும் உறுதியாக இருக்க வேண்டும். நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதுவே.

இறங்கி வந்து டீக்கடை அம்மாவிடம் பாக்கியைக் கொடுத்தோம்.

கொடைக்கானலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வாகனத்தில் போக இ-பாஸ் வேண்டும். காசு கிடையாது. வெளிநாட்டு எண் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு எடுக்கலாம். எனக்குச் சில நிமிடத்தில் வந்துவிட்டது. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அங்கே கூடாது, பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். ஏரியைச் சுற்றி அதிகாலையில் நடந்தோம், அந்தக் குளிரில் நால்வருக்கும் பேச்சு ஓயவில்லை.

மனம் கசந்தது கழிப்பறை விஷயத்தில். மலைப்பாதையில் வண்டி நின்ற இரண்டு இடத்தில், ஒன்றில் பெண்களுக்கான கழிப்பறை பூட்டியிருந்தது, மற்றொன்றில் தண்ணீரே இல்லை. தோழி காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கிறாள் என்பது கொடைக்கானலில் அறைக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் பழகிவிட்டேன் என்றாள். ஒவ்வொரு பயணத்திலும் இப்படித்தான் என்றாள். ஆண்கள் மூன்று பேரும் வாயடைத்து நின்றோம். இத்தனை வேலை செய்கிற அரசுக்கும் உள்ளாட்சிக்கும் ஒரு சாவியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் பெரிய செலவல்ல. இதைக் கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். எழுதியது அவள்தான், கையெழுத்து நால்வரும் போட்டோம்.

பெர்கன் திரும்பிய மூன்றாம் வாரம் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பாதை மூடியாயிற்று, தீத்தடுப்புக் கோடு வெட்டுகிற வேலைக்குப் போகிறேன் என்று கீழே எழுதியிருந்தார். மாடு நின்ற அதே வளைவு, புல் பழுப்பாகிவிட்டிருந்தது. அதற்கு மேலே போகும் பாதையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. டிசம்பருக்கு நால்வரும் விடுப்புச் சொல்லிவிட்டோம்.