முதல் நாள் ஓடும், 61ஆம் நாள் நிற்கும்: சமூக ஊடக ஏபிஐகளுடன் நீண்டகாலப் பயன்பாடு

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் போன்ற தளங்களின் ஏபிஐயை (நம் நிரல் அந்தத் தளத்தோடு பேசும் வழியை) முதல் வாரத்தை வைத்து எடைபோடக் கூடாது. முதல் வாரத்தில் எல்லாமே ஓடும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவின் ஏபிஐ கிராஃப் ஏபிஐ; அதன் சோதனைக் கருவியான எக்ஸ்ப்ளோரரில் ஒரு டோக்கன் (அனுமதிச் சீட்டு போன்ற எழுத்துச் சரம்) எடுத்து, கோடில் (நிரலில்) ஒட்டி, ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு ‘வணக்கம்’ போய் விழுந்ததும் வேலை முடிந்தது போலத் தோன்றும். பல மாதங்கள் ஓட்டிய பிறகுதான் விஷயம் புரியும். இங்கே நிரலைத் தொடாமலேயே ஆப் நின்றுபோகும். காரணம் பெரும்பாலும் காலண்டரில் இருக்கும். அதனால் இந்த அனுபவப் பகிர்வும் ஏறக்குறைய நாள்கணக்கிலேயே போகிறது.

முதல் மணி நேரத் தொல்லை லாகின். ஆப் செட்டிங்ஸில் பதிந்த, லாகின் முடிந்ததும் பயனர் திரும்பி வரும் ரீடைரக்ட் முகவரியும் கோடு அனுப்பும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் போச்சு. பலர் தவறவிடுவது அடுத்த படியை: லாகினில் கிடைத்த தற்காலிகக் குறியீட்டைக் கொடுத்து டோக்கன் வாங்கும்போதும் அதே முகவரியைத் திரும்ப அனுப்ப வேண்டும். அந்தக் குறியீடு ஒருமுறைதான் செல்லும். பயனர் அந்தப் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் வரும் பிழை கோடில் உள்ள பக் அல்ல. ஃபேஸ்புக் லாகின் முடிந்ததும் முகவரியின் வாலில் வரும் #_=_ பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்தது, ‘எனக்கு ஓடுகிறது, மற்றவர்களுக்கு ஓடவில்லை’ என்ற புகார். ஆப்பில் அட்மின், டெவலப்பர், டெஸ்டர் என்று ஏதாவது ஒரு பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஸ்டாண்டர்ட் அக்சஸே போதும். வெளியாருக்கு அட்வான்ஸ்டு அக்சஸ் வேண்டும், அதற்கு ஆப் ரிவ்யூ என்ற மெட்டாவின் பரிசீலனை. இதில் பிழைச்செய்தியே வராமல் வெறும் காலிப் பட்டியல் மட்டும் வருவதும் உண்டு, அதுதான் ஆளை அலைக்கழிக்கும். எந்தப் பொறுப்பும் இல்லாத ஒரு கணக்கில் சோதிக்காமல் ஆப்பை வெளியே விடக் கூடாது. ரிவ்யூவுக்கு அனுப்பும் வீடியோவில் லாகின் பொத்தானை அழுத்துவது, பெர்மிஷன் கேட்கும் திரை, அந்தத் தரவு ஆப்பில் எங்கே பயன்படுகிறது என்ற மூன்றும் இடைவெட்டு இல்லாமல் தெரிய வேண்டும். ‘பிறகு தேவைப்படலாம்’ என்று கூடுதலாக ஒரு பெர்மிஷன் கேட்பது நிராகரிப்பை நாமே வரவழைப்பது.

பெர்மிஷன் கேட்டோம் என்பதாலேயே கிடைத்துவிட்டது என்று எண்ணவும் கூடாது. லாகின் திரையில் பயனர் சிலவற்றை எடுத்துவிடலாம், நிர்வகிக்கும் பக்கத்தை டிக் செய்யாமலும் விடலாம். பக்கங்களின் பட்டியல் காலியாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். லாகின் முடிந்தவுடன் கொடுத்தவை, மறுத்தவை இரண்டையும் ஏபிஐயிடமே கேட்டுச் சரிபார்த்து, மறுத்ததை மறுகோரிக்கையாகக் கேட்க வேண்டும்.

இனி தலைப்பில் சொன்ன 61ஆம் நாள். எக்ஸ்ப்ளோரரில் கிடைக்கும் பயனர் டோக்கன் ஒன்றிரண்டு மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். அதை ஆப்பின் ரகசியக் கீயுடன் சர்வரிலிருந்து அனுப்பி மாற்றினால் சுமார் 60 நாள் தாங்கும் டோக்கன் கிடைக்கும். அந்த நீண்ட டோக்கனைக் கொண்டு பக்கங்களின் பட்டியலைக் கேட்டால் வரும் பக்க டோக்கனுக்குக் காலாவதித் தேதியே இல்லை. வரிசை முக்கியம். குறுகிய டோக்கனை வைத்துப் பக்க டோக்கன் எடுத்தால் அதுவும் சில மணி நேரத்தில் போய்விடும். டோக்கனின் விவரங்களைக் காட்டும் மெட்டாவின் டோக்கன் டீபக்கரில் போட்டு, ‘ஒருபோதும் காலாவதி ஆகாது’ என்று வருகிறதா என்று பார்த்த பிறகே சேமிக்க வேண்டும்.

காலாவதி இல்லாத டோக்கனும் சாகும். பிழை எண் 190 என்றால் டோக்கன் செல்லாது. ஏன் என்பதைத் துணை எண் சொல்லும். 463 காலாவதி, 460 கடவுச்சொல் மாற்றம், 458 பயனர் ஆப்பையே நீக்கிவிட்டார். எதுவானாலும் மறுபடி முயல்வது வீண். ஒரு மனிதர் வந்து மீண்டும் லாகின் செய்தாக வேண்டும். டோக்கன் உயிரோடு இருந்தும் தரவு வராமல் போவது தனிக் கதை: பயனரின் தரவைப் படிக்கும் உரிமைக்கு 90 நாள் என்று தனிக் கெடு ஓடுகிறது, டீபக்கரில் அது வேறொரு வரியாகக் காட்டப்படும். தினமும் ஒருமுறை எல்லா டோக்கன்களையும் சோதித்து, 10 நாள் முன்பே அந்தப் பயனருக்கு மின்னஞ்சல் அனுப்பும் சிறு வேலையை முதல் மாதத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

எக்ஸ் தளத்தின் ஓஆத் 2 (கடவுச்சொல்லைக் கொடுக்காமல் ஆப்புக்கு அனுமதி தரும் முறை) டோக்கன் 2 மணி நேரம்தான். ஆஃப்லைன் அக்சஸ் கேட்டிருந்தால், புது டோக்கன் வாங்க உதவும் ரெஃப்ரெஷ் டோக்கன் கிடைக்கும், ஆனால் ஒருமுறை பயன்படுத்தியதும் அது செல்லாது, புதிது வரும். இரண்டு வொர்க்கர்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) ஒரே நேரத்தில் புதுப்பிக்கப் போனால் ஒன்று தோற்கும். தோற்றது டேட்டாபேஸில் பழையதை எழுதிவிட்டால் கணக்கே துண்டிக்கப்படும். புதுப்பிக்கும் இடத்தில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் பூட்டு (lock) கட்டாயம். யூடியூபோடு பேசும் ஆப் வாரத்துக்கு ஒருமுறை சொல்லிவைத்தாற்போல நிற்கிறதா? கூகுளின் அனுமதி கேட்கும் (கன்சென்ட்) திரை இன்னும் ‘டெஸ்டிங்’ நிலையில் இருக்கும். அந்த நிலையில் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் செத்துவிடும்.

பிழைப் பதிவேட்டில் (log) எச்டிடிபி 400 (தவறான கோரிக்கை) என்று மட்டும் எழுதிவைப்பதால் பயனில்லை. கிராஃப் ஏபிஐ பலவகைப் பிழைகளுக்கும் அதே 400ஐத்தான் தரும். பிழை எண், துணை எண், செய்தி, மெட்டாவின் ட்ரேஸ் ஐடி எல்லாவற்றையும் சேமிக்க வேண்டும். பக் புகார் கொடுக்கும்போது அந்த ஐடி கைகொடுக்கும். 1, 2 என்றால் சிறிது பொறுத்து மறுமுயற்சி. 4, 17, 32, 613 என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 10, அல்லது 200 முதல் 299 வரை என்றால் பெர்மிஷன். 368 என்றால் விதிமீறல் என்று தற்காலிகமாகத் தடுத்திருக்கிறார்கள், அப்போது விடாமல் முட்டுவது நிலைமையைக் கெடுக்கும். இவற்றில் மிகவும் ஏமாற்றுவது 100, துணை எண் 33. ‘அப்படி ஒரு பொருள் இல்லை’ என்று படிக்கும்போது ஐடி தவறு போலத் தோன்றும். பாதி நேரம் ஐடி சரிதான், டோக்கனுக்கு அதைப் பார்க்கும் உரிமை இருக்காது.

கோட்டா (எவ்வளவு கேட்கலாம் என்ற வரம்பு) விஷயத்தில் மெட்டா நேர்மையாகவே நடக்கிறது. போதிய அளவு பயன்பாடு இருந்தால் ரெஸ்பான்ஸ் ஹெடரில் கால் (ஏபிஐ அழைப்பு) எண்ணிக்கை, சிபியு நேரம், மொத்த நேரம் மூன்றும் சதவீதமாக வருகின்றன. ஏதாவது ஒன்று 100ஐத் தொட்டால் கதவு மூடும். 80 வந்தாலே க்யூவை (காத்திருக்கும் வேலைகளின் வரிசையை) மெதுவாக்கிவிடலாம். 50 கால்களை ஒரே பேட்சாகக் கட்டி அனுப்பினால் கோட்டா மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அவை 50 ஆகவே எண்ணப்படும், மிச்சமாவது நெட்வொர்க் நேரம் மட்டும். யூடியூபில் நாளொன்றுக்கு 10,000 யூனிட். ஒரு தேடலுக்கு 100 போய்விடும், ஆக 100 தேடலில் நாள் முடிந்தது. ஒரு சேனலின் புதிய வீடியோக்கள்தான் வேண்டுமென்றால் தேடலே வேண்டாம்; அந்தச் சேனலின் அப்லோட்ஸ் பிளேலிஸ்ட்டை 1 யூனிட்டில் படிக்கலாம்.

ஏதாவது நடந்ததும் தளமே நம் சர்வருக்குச் செய்தி அனுப்பும் வெப்ஹுக்கில்தான் தமிழ்ப் பயனர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலக் கமெண்ட் வந்தால், அனுப்பியது மெட்டாதான் என்று காட்டும் கையொப்பம் பொருந்துகிறது, தமிழ்க் கமெண்ட் வந்தால் பொருந்தவில்லை. காரணம் இதுதான்: பேலோடில் (வரும் செய்தியின் உள்ளடக்கத்தில்) தமிழ் எழுத்துகள் யூனிகோட் எண்ணாக மாற்றி எழுதப்பட்டே வருகின்றன, கையொப்பமும் அந்த வடிவத்தின் மீதே போடப்படுகிறது. ஃப்ரேம்வொர்க் ஜேசனைப் (அந்தச் செய்தியின் தரவு வடிவத்தை) பிரித்து, நாம் மறுபடி கட்டி ஹேஷ் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறி) எடுத்தால், எண்கள் எழுத்துகளாகிவிடுகின்றன. பைட்டுகள் வேறு, ஹேஷும் வேறு. பிரிப்பதற்கு முன்பே வந்த பைட்டுகளை அப்படியே பிடித்துவைத்து, அதன் மீது எச்மேக் ஷா-256 என்ற முறையில் கையொப்பத்தைக் கணக்கிட வேண்டும். கையொப்பச் சோதனையை நிறுத்திவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்வது தீர்வாகாது.

டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் வருகிறது, உண்மையான கமெண்ட் வரவில்லை என்றால், ஆப் அளவில் சந்தா போட்டுவிட்டுப் பக்க அளவில் போட மறந்திருப்பார்கள். இரண்டும் வேண்டும். செய்தி வந்ததும் உடனே எச்டிடிபி 200 (‘கிடைத்தது’) சொல்லிவிட்டு, வேலையைக் க்யூவில் போட வேண்டும். 200 கிடைக்காவிட்டால் மெட்டா 36 மணி நேரம் வரை இடைவெளி கூட்டிக் கூட்டித் திரும்ப அனுப்பும். ஆகவே ஒரே நிகழ்வு இருமுறை வரும் என்று எண்ணியே கோடு எழுத வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் பதிவிடுவது இரண்டு படி: முதலில் கன்டெய்னர் (வெளியிடத் தயாராக வைக்கும் வரைவு), பிறகு வெளியீடு. படத்தை நாம் அனுப்புவதைவிட, நாம் கொடுக்கும் யூஆர்எல்லிலிருந்து அவர்கள் சர்வர் வந்து எடுப்பதே வழக்கம். எனவே லாகின் கேட்கும் முகவரி, சில நிமிடத்தில் காலாவதியாகும் முகவரி, ஃபயர்வால் தடுக்கும் முகவரி எல்லாம் தோற்கும். படம் ஜேபெக் ஆக இருக்க வேண்டும். வீடியோ என்றால் கன்டெய்னர் ‘முடிந்தது’ என்று சொல்லும்வரை நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைக் கேட்டால் போதும். 24 மணி நேரத்துக்குள் வெளியிடாவிட்டால் கன்டெய்னர் காலாவதி.

எழுத்து எண்ணிக்கையையும் கண்ணை நம்பி விட முடியாது. எக்ஸ் தளத்தின் 280 எழுத்து எல்லையில் ‘எழுத்து’ என்ற சொல் நாலு இடம் பிடிக்கும் என்று தோன்றும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது 7. எந்த இணைப்பும் 23. புளூஸ்கையில் எல்லை 300, அது கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கு. ஆனால் இணைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை யூடிஎஃப்-8 பைட்டில் சொல்ல வேண்டும், தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘காண்க: ’ என்று எழுதி அடுத்து இணைப்பு வைத்தால் அது தொடங்குவது 17இல், ஜாவாஸ்கிரிப்டின் நீளம் 7 என்றுதான் சொல்லும். இணைப்பு தவறான சொல்லில் விழுந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். பதிவு ஐடியின் கடைசி இலக்கங்கள் மாறிப்போனால், 64 பிட் எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் தன் 53 பிட்டுக்குள் அமுக்கிவிட்டது என்று பொருள். ஐடியை எப்போதும் எழுத்துச் சரமாகவே வைத்திருக்க வேண்டும்.

டைம்அவுட் ஆன பதிவை மறுபடி அனுப்பினால் இரட்டைப் பதிவு விழும் அபாயத்துக்கு மாஸ்டடான் தளம் தரும் ஐடெம்பொடென்சி கீ (ஒரே கோரிக்கை இருமுறை வந்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ள வைக்கும் குறி) அழகான தீர்வு. மற்ற தளங்களில் மறுமுயற்சிக்கு முன் கடைசிப் பதிவுகளைப் படித்துப் பார்ப்பதே வழி.

கடைசிப் பொறி ஆண்டுக்கணக்கில் வெடிப்பது. கிராஃப் ஏபிஐயின் ஒரு வெர்ஷன் குறைந்தது 2 ஆண்டு இருக்கும். காலம் முடிந்த வெர்ஷனுக்குப் போகும் கால் பிழை தராமல், உயிரோடுள்ள பழைய வெர்ஷனுக்குத் திருப்பிவிடப்படும். ஆப் ஓடிக்கொண்டே இருக்கும், சில ஃபீல்டுகள் மட்டும் சத்தமில்லாமல் மறையும். வெர்ஷன் எண் போடாத கால் இன்னும் ஆபத்து. மூடுவிழாக்களுக்கு வெர்ஷன் கூட உதவாது: பயனர் பெயரில் பதிவிடும் பெர்மிஷனை ஃபேஸ்புக் 2018 ஆகஸ்டில் எடுத்தது, இன்ஸ்டாகிராம் பேசிக் டிஸ்ப்ளே ஏபிஐ 2024 டிசம்பர் 4 அன்று நின்றது. தளத்தோடு பேசும் கோடு முழுவதையும் ஒரே மாட்யூலில் அடைத்திருந்தால், இப்படி ஒரு நாள் வரும்போது மாற்ற வேண்டிய இடம் ஒன்றாக இருக்கும். ரெஸ்பான்ஸ் ஹெடரில் எந்த வெர்ஷன் பதில் சொன்னது என்றும் வருகிறது. நாம் கேட்டதும் அதுவும் வேறானால் அலாரம் அடிக்கும்படி அந்த மாட்யூலிலேயே ஒரு வரி எழுதிவைக்கலாம்.