எப்போதும் திறந்த கதவா, குறித்த நேரமா?

பொதுமக்களைச் சந்திப்பதும், கோப்புகளைப் படித்து உத்தரவு எழுதுவதும் ஒரே அலுவலரின் பொறுப்பாக இருக்கும் இடங்களில், நேரத்தைப் பயன்படுத்துவது குறித்த வழக்கமான அறிவுரைகள் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. நம் வேலைகளை வரிசைப்படுத்தக் கற்றுத்தரும் அவை, மனுவோடு வாசலில் நிற்பவரை என்ன செய்வது என்பதற்கு உருப்படியான விடை தருவதில்லை. வட்டாட்சியர், கோட்டாட்சியர் அலுவலகங்களை மனத்தில் வைத்து நான்கு முறைகளை ஒப்பிட்டால் இந்தக் குறை தெளிவாகத் தெரியும்.

முதலாவது, இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது வகுத்த பொமோடோரோ முறை. 25 நிமிடம் ஒரே வேலை, பின்பு 5 நிமிட ஓய்வு. இடையில் வருபவரிடம் பிறகு பேசுவதாகச் சொல்லி நேரம் குறித்து அனுப்ப வேண்டும். அனுப்ப இயலாவிட்டால் அந்தச் சுற்று கணக்கில் சேராது. தேர்வுக்குப் படிப்பவருக்கு இது நல்ல துணை. வட்டாட்சியர் அலுவலகத்தில் முற்பகல் முழுவதும் ஒரு சுற்றுகூடத் தேறாது என்பதால், இதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

இரண்டாவது, அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஐசனோவரின் பெயரால் வழங்கும் நான்கு கட்டங்கள்: ஒவ்வொரு வேலையும் அவசரமா இல்லையா, முக்கியமா இல்லையா என்று பார்த்து நான்கில் ஒன்றில் இடுவது. அவசரமானவை வேறு, முக்கியமானவை வேறு என்ற கருத்தை அவர் 1954இல் ஓர் உரையில் குறிப்பிட்டார். அதையும் முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாகவே சொன்னார். கட்டம் போட்டவர்கள் பின்னால் வந்தவர்கள். மேசைமேல் போட்டியிடும் கோப்புகளுள் எதை முதலில் எடுப்பது என்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால், அவசரம் யாருடையது என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த சாதிச் சான்றிதழ் இன்னும் ஒப்புதலாகவில்லை, கல்லூரிச் சேர்க்கைக்கு நாளை கடைசி நாள் என்று ஒரு மாணவி வந்து நின்றால், அலுவலகத்துக்கு அது வரிசையில் உள்ள விண்ணப்பங்களுள் ஒன்று. அவளுக்கோ ஓராண்டுப் படிப்பு.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். எந்த நேரத்திலும் யாரும் வந்து பார்க்கலாம் என்னும் முறையில், பேருந்து வரும் நேரத்துக்கு மக்கள் வரலாம். சிறு சிக்கல்கள் நின்ற நிலையிலேயே தீரும். அலுவலருக்கும் நல்ல பெயர் கிடைக்கும். இதற்கான விலையைக் கொடுப்பவர் கண்ணில் படாதவர். பட்டா மேல்முறையீடு ஒன்றைக் கோட்டாட்சியர் படித்துக்கொண்டிருக்கும்போது பத்துப் பேர் வந்து போனால், பழைய ஆவணங்களையும் இரு தரப்பு வாதங்களையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். உத்தரவு தள்ளிப்போகும், அதற்காகக் காத்திருப்பவர் அன்று வாசலில் இல்லை என்பதால் அவரது இழப்பு யாருக்கும் உறைக்காது.

குறித்த நேரத்தில் மட்டும் சந்திக்கும் முறைக்குத் தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கள்தோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டமே நல்ல எடுத்துக்காட்டு. பல துறை அலுவலர்களும் ஒரே அரங்கில் இருப்பதால், மனுவை உரியவரிடம் அங்கேயே கொடுத்து விளக்கம் கேட்க முடிகிறது; தனித்தனியாக அலைந்தால் இது பல நாள் வேலை. அலுவலருக்கும் மற்ற நாள்களில் தொடர்ச்சியாகப் படிக்க நேரம் மிஞ்சும். ஆனால், மிஞ்சும் நேரத்தில் ஒரு பகுதி மக்களின் கணக்கிலிருந்து வருவது. ஒரே நாளில் கூட்டம் சேர்கிறது. கூலியை விட்டு வந்தவர் வரிசையில் நிற்கிறார். செவ்வாயன்று சிக்கல் முளைத்தால் ஆறு நாள் பொறுக்க வேண்டும். 1100 என்ற தொலைபேசி உதவி எண் பயணத்தைக் குறைக்கலாம். எனினும், வரைபடத்தைக் காட்டி வேலி எங்கே நகர்ந்தது என்று விளக்க வேண்டியவருக்குத் தொலைபேசி போதாது.

மாவட்ட அளவில் வாரம் ஒரு நாள் சரி. வட்ட அளவில் அது பொருந்தாது என்பது என் கருத்து. அங்கே நாள்தோறும் ஒரு மணி நேரத்தை, கிராமப் பேருந்துகள் வந்து சேரும் வேளையைப் பார்த்து ஒதுக்கி, அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது மேல். ஐசனோவர் கட்டங்களை எஞ்சிய நேரத்துக்கு, கோப்புகளுக்காக வைத்துக்கொள்ளலாம்.

விதிவிலக்குகளையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்: உயிருக்கு ஆபத்து, மருத்துவத் தேவை, இன்றோ நாளையோ முடியும் கெடு ஆகிய மூன்றுக்கும் எந்த நேரத்திலும் அனுமதி உண்டு என்பது வாசலில் இருக்கும் உதவியாளருக்கும், வெளியே காத்திருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழுதாமல் விட்டால், யாருடைய அவசரம் பெரியது என்பதை உதவியாளரே தீர்மானிப்பார். அவரிடம் முதலில் செல்வது பெரும்பாலும் சிபாரிசோடு வந்தவரின் மனுவாகத்தான் இருக்கும்.