கோலாலம்பூரில் முதல் பர்கர்: சாலையோரக் கடையா, ஏ அண்ட் டபிள்யூவா, மைபர்கர்லேபா?

கோலாலம்பூருக்குக் கிளம்புகிறவர்கள் நாசி லெமாக், ரொட்டி சானாய், பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாடு என்று பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். அதில் பர்கர் இருக்காது. “அதைத்தான் சென்னையிலேயே சாப்பிடலாமே” என்பார்கள். சாப்பிட முடியாது என்பது என் கட்சி. ஆனால் முதல்முறை போகிறவர் எந்தக் கடைக்குப் போகிறார் என்பதைப் பொறுத்துத்தான் என் கட்சி ஜெயிக்கும்.

போட்டியில் இருப்பவை மூன்று. இருட்டிய பிறகு தெருமுனையில் முளைக்கும் ராம்லி பர்கர் கடை, அறுபது ஆண்டுப் பழக்கமான அமெரிக்கத் துரித உணவகம் ஏ அண்ட் டபிள்யூ, இளைஞர்கள் தொடங்கிய மைபர்கர்லேப். மெக்டொனால்ட்ஸை நான் சேர்க்கவில்லை. சீனப் புத்தாண்டுக் காலத்தில் மட்டும் வரும் மிளகுச் சாறு ஊற்றிய ‘ப்ராஸ்பெரிட்டி பர்கர்’ நன்றாகவே இருக்கும். மற்ற மாதங்களில் அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை.

ராம்லி என்பது அந்தத் தெருமுனைக் கடையின் பெயர் அல்ல. உள்ளே வைக்கும் இறைச்சி வட்டைத் தயாரித்துத் தருகிற நிறுவனத்தின் பெயர். ராம்லி மொக்னி என்பவர் மனைவியுடன் சேர்ந்து 1979-இல் சிறிய அளவில் தொடங்கிய தொழில் அது. முஸ்லிம்கள் தயக்கமின்றிச் சாப்பிடும் ஹலால் பர்கர் வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். இன்று மலேசியாவில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் அந்தப் பெயர் அச்சிட்ட காகிதத்தில் சுற்றிய பர்கர் கிடைக்கும்.

அந்த வட்டை மட்டும் தனியே தின்று பார்த்தால் ஏமாற்றம்தான். தொழிற்சாலைச் சரக்கு, மெத்தென்று இருக்கும், இறைச்சியின் மணம் தூக்கலாக இருக்காது. வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு கடி கடித்துவிட்டு ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று உதடு பிதுக்குகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ராம்லி பர்கரின் ருசி வட்டில் இல்லை, கல்லில் நடக்கும் வேலையில் இருக்கிறது.

அதனால் வாங்கும்போது கல்லுக்கு எதிரே நின்று பாருங்கள். முதலில் மார்ஜரின் உருகும். ரொட்டியின் உட்பக்கம் அதில் சிவக்கும். வட்டு பாதி வெந்ததும் கடைக்காரர் அதை நடுவில் கீறி, புத்தகம் போல விரித்து, உட்பக்கத்தையும் கல்லில் அழுத்துவார். மேலே மிளகுத்தூள், பாட்டிலிலிருந்து மேகி சாஸ் நாலு சொட்டு. ‘ஸ்பெஷல்’ கேட்டிருந்தால் அடுத்து முட்டை. கல்லில் உடைத்து, மஞ்சள் கருவைக் கலைத்து, கரண்டி முனையால் மெல்லிய சதுரமாக இழுப்பார். அது இறுகுவதற்குள் வட்டை நடுவில் வைத்து, சில்லி சாஸும் மயோனைஸும் பிழிந்து, நான்கு பக்கமும் மடித்துவிடுவார். முட்டை பிசிறில்லாமல் மடிந்தால் அவர் கைதேர்ந்தவர். கிழிந்து ஓரம் கருகினால், அடுத்த தெருவில் இன்னொரு கடை இருக்கும். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. பிறகு நறுக்கிய கோஸ், வெங்காயம், வெள்ளரி, மறுபடியும் சாஸ், காகிதம்.

கையில் வாங்கும்போதே அது ஒழுகும். காகிதத்தைப் பாதி மட்டும் பிரித்து, அடியில் தேங்கும் சாஸைக் காகிதத்துக்குள்ளேயே விட்டுக் குனிந்து சாப்பிட வேண்டும். வெள்ளைச் சட்டை உதவாது.

ஏ அண்ட் டபிள்யூ வேறு ரகம். 1963-இல் கோலாலம்பூரில் கடை திறந்த நிறுவனம் அது. மெக்டொனால்ட்ஸ் வந்து சேர்ந்தது 1982-இல்தான். தாத்தாவும் பேரனும் ஒரே கடையைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவதை மலேசியாவில் கேட்கலாம். கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயா நகரின் தாமான் ஜெயாவில் இருக்கும் பழைய ‘டிரைவ்-இன்’ கடைக்கு அந்த ஏக்கத்துக்காகவே போகிறவர்கள் உண்டு. பர்கர் சுமார்தான். உறைய வைத்த கண்ணாடிக் குவளையில் நுரைத்து வரும் ரூட் பீரும், சுருள் சுருளாகப் பொரித்த உருளைக்கிழங்கும்தான் அங்கே நாயகர்கள். பெயரில் பீர் இருந்தாலும் மது கிடையாது. முதல் மடக்கில் மூட்டுவலித் தைலத்தின் வாசம் அடிக்கும்; இரண்டுக்கும் வின்டர்கிரீன் மணம் பொது. சிலர் அதோடு குவளையைத் தள்ளி வைத்துவிடுவார்கள். எனக்குப் பிடிக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், நண்பகலில் பசிக்கிறவர்களுக்கும் இதுவே வசதி. தெருமுனைக் கடைகள் பொழுது சாய்ந்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கும்.

மைபர்கர்லேப் 2012-இல் பெட்டாலிங் ஜெயாவின் சீ பார்க்கில் தொடங்கியது. கரித்தூள் சேர்த்த கறுப்பு ரொட்டிதான் அதன் அடையாளம். கறுப்பு நிறத்தால் ருசி ஒன்றும் கூடவில்லை என்பேன். படம் எடுக்கத்தான் அது உதவுகிறது. ஆனால் நடுவே இருப்பது நிஜமான மாட்டிறைச்சி. ஓரம் முறுகி, உள்ளே சாறு நிற்கும். மொறுமொறுவென்று பொரித்த பாலாடைக்கட்டித் தகடு வைத்த பர்கரைத்தான் முதலில் கேட்க வேண்டும். விலை தெருமுனைக் கடையைப் போல மூன்று நான்கு மடங்கு. இறைச்சியின் ருசிக்காகவே பர்கர் தேடுகிறவருக்கு அந்த விலை நியாயம்தான். ஆனால் அமெரிக்காவிலோ லண்டனிலோ நல்ல பர்கர் சாப்பிட்டவருக்கு இது புதிய அனுபவமாக இருக்காது, தரமான அனுபவமாக இருக்கும்.

தெருமுனைக் கடைக்கும் மைபர்கர்லேபுக்கும் நடுவில் ‘பர்கர் பாக்கார்’ என்று ஒன்று உண்டு. கரி நெருப்பில் சுடும் தடித்த வட்டு, வழியும் சீஸ். 2010-களில் அந்த அலை பெரிதாக அடித்தது. நின்று பிடித்த கடைகளில் நன்றாக இருக்கும். மற்றவற்றில் சீஸ் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும்.

தமிழ் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் மெக்டொனால்ட்ஸில் மாட்டிறைச்சி கிடையாது என்ற பழக்கத்தில் மலேசியாவில் கண்ணை மூடிக்கொண்டு பர்கர் கேட்கக் கூடாது. ‘டாகிங்’ என்றால் இங்கே மாட்டிறைச்சி, ‘ஆயாம்’ என்றால் கோழி. தெருமுனைக் கடையில் “பாங், ஆயாம் ஸ்பெஷல்” என்றால் கோழி பர்கர் முட்டையோடு வரும். அண்ணன் என்ற உரிமையோடு மலாய்க்காரக் கடைக்காரரை அழைக்கும் சொல் ‘பாங்’. சிக்கல் என்னவென்றால், இரண்டும் பெரும்பாலும் ஒரே கல்லில், ஒரே கரண்டியில் வேகும். உள்ளூர்த் தமிழர்களில் அதைப் பொருட்படுத்தாதவர்களும் உண்டு, அதனாலேயே அந்தப் பக்கம் போகாதவர்களும் உண்டு. உங்களுக்கு அது உறுத்தும் என்றால், கோழி மட்டும் விற்கும் கடையைத் தேடிப் போவதே நிம்மதி. கூட்ட நேரத்தில் கல்லைத் துடைக்கச் சொல்லி நிற்பது இருவருக்கும் சங்கடம்.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது, மேற்சொன்ன தடையும் இல்லை என்றால் தெருமுனைக்கே போங்கள். ‘டபுள்’ வேண்டாம், வட்டு இரண்டானால் முட்டை உறை தாங்காது. உட்கார இடம் இருக்காது என்பதால் பொட்டலத்தோடு பக்கத்து மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தில், ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) சொல்லிவிட்டு உட்காரலாம். வெளிச் சாப்பாட்டைக் கொண்டுவரலாமா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். சைவர்களில் முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு வட்டு இல்லாத ‘பர்கர் தெலூர்’ போட்டுத் தருவார்கள். அதுவும் ஆகாதவருக்கு அங்கே தேநீர்தான்.