வயற்காவலில் ஒற்றைக்குழல் துவக்கு: பன்னிரண்டு பெரும்போகங்களின் கணக்கு

எனது துவக்கைச் சுடுவது தேய்க்கவில்லை. மாரி மழைதான் தேய்த்தது. 2013ஆம் ஆண்டின் பெரும்போகம் (மாரிகால நெற்செய்கை) முதல் அதில் சுட்ட ஒவ்வொரு தோட்டாவையும் ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். பன்னிரண்டு பெரும்போகங்களில் மொத்தம் 214. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் இருப்பவர் இரண்டு மூன்று நாட்களில் சுட்டுவிடக்கூடிய எண்ணிக்கை அது. அப்படியிருந்தும் தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியை ஒரு தடவையும் சுருள்வில்லை ஒரு தடவையும் மாற்றியிருக்கிறேன். பிடிக்கட்டை இரண்டு தடவை வெடித்தது. குழல் மடியும் பிணைச்சல் இப்போது ஆடத் தொடங்கியிருக்கிறது.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வெல்லாவெளிப் பக்கம் நான்கு ஏக்கர் வயல் எங்களுடையது. அப்பாவிடம் ஒரு துவக்கு இருந்தது. எண்பதுகளில் அதைக் கையளிக்கச் சொன்னார்கள், கையளித்தார், அது திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நீண்ட காலம் எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) காவல் என்றால் தகரம் தட்டுவதும் தீப்பந்தமும்தான். பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதிப்பத்திரம் என் கைக்கு வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். எங்களுக்குக் கிடைப்பது 12 போர் (குழலின் துளை அளவு) ஒற்றைக்குழல். நடுவில் மடித்துத் திறந்து, ஒரு தோட்டாவை வைத்து மூடிச் சுடும் எளிய பொறி. தானாகத் தோட்டா ஏற்றும் துவக்குகளோடு ஒப்பிட்டால் கெட்டுப்போக இதில் பாகங்களே குறைவு. அதனால் கெட்டுப்போகாது என்று நான் நம்பியதுதான் முதல் தவறு.

மரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் முதலில் கெடுவது அதுதான். மார்கழி, தையில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து பிடிக்கட்டையை ஊதச் செய்யும். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் அதே மரம் காய்ந்து சுருங்கும். சுருங்கியதும் இரும்போடு கட்டையை இணைக்கும் நீண்ட திருகாணி இளகிவிடும். இளகியது கண்ணுக்குத் தெரியாது. அந்த நிலையில் சுட்டால் உதைப்பின் முழு விசையும் மரத்தின் ஒரு மூலையில் மட்டும் இறங்கும். நார் போகும் திசையிலேயே கீறல் விழும். 2014இலும் 2018இலும் எனக்கு நடந்தது இதுதான். இரண்டாவது தடவைக்குப் பிறகு கட்டையின் அடித்தகட்டைக் கழற்றி, உள்ளே தெரிந்த பூச்சில்லாத மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் பல நாட்கள் பூசிக் காயவிட்டேன். வெளிப்புறம் மினுங்கினாலும், எண்ணெய் படாத அந்த வெட்டுமுகத்தால்தான் ஈரம் உள்ளே போகிறது. கச்சான் தொடங்கும்போதும் மாரி தொடங்கும்போதும் திருகாணியை இறுக்கிப் பார்க்கிறேன். அதன் பிறகு கீறல் இல்லை.

அடுத்தது ஊசி. 214 தோட்டாக்களில் 17 முதல் அடியில் வெடிக்கவில்லை. 2016இல் மட்டும் ஆறு. ஊசியை அடிக்கும் குதிரை விழும், 'டிக்' என்ற சத்தம் கேட்கும், அவ்வளவுதான். சுருள்வில் தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, அனுமதி பெற்ற திருத்துநர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் ஊசியை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஊசியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பிசின் போல ஏதோ ஒட்டியிருந்தது. "தம்பி, வில்லில் பிழையில்லை. நீங்கள் பூசிய தேங்காய் எண்ணெய்தான் இது" என்றார். நான் வெட்கப்பட்டேன். வீட்டில் கத்திக்கும் மண்வெட்டிக்கும் பூசுவதையே துவக்குக்கும் பூசியிருக்கிறேன். அது நாளடைவில் இறுகி ஊசியின் ஓட்டத்தைத் தடுத்து, அடியின் வேகத்தை விழுங்கிவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி. அடுத்த இரண்டு போகங்களில் ஒரு தோட்டாகூட ஏமாற்றவில்லை.

ஊசியின் முனை உண்மையாகவே தேய்ந்தது பிற்பாடு, 2019இல். தோட்டாவின் அடியில் ஊசி குத்தும் இடத்திலுள்ள கேப்பின் விளிம்பால் கசியும் சூடான வாயு முனையில் சிறு குழிகளை அரித்திருந்தது. தோட்டா இல்லாமல் துவக்கின் விசையைத் தட்டிப் பார்க்கும் என் பழக்கமும் சேர்ந்து முனையைச் சிதைத்துவிட்டது. இப்போது அப்படிப் பார்க்க வேண்டியிருந்தால் சுட்ட வெற்று உறையை உள்ளே வைத்துவிட்டே தட்டுகிறேன். சுருள்வில் 2021இல் முறிந்தது. முறிந்த இடத்தைப் பார்த்தால் கறள் தின்ற ஒரு புள்ளி. வெடிப்பு அங்கிருந்துதான் ஓடியிருக்கிறது.

வெடிக்காத தோட்டாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெடிக்கவில்லை என்றதும் உடனே மடித்துத் திறக்காதீர்கள். சில வேளை கேப் தீப்பற்றி, வெடிமருந்து தாமதித்து எரியும். குழலை ஆளில்லாத திசையில் பிடித்தபடி குறைந்தது அரை நிமிடம் பொறுத்திருங்கள்.

மீதித் தவறுகளுக்குத் தோட்டாவே காரணம். பழைய கடதாசி உறைத் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதி, குழலின் அடியில் தோட்டா அமரும் அறைக்குள் போகாமலே நின்றுவிடும். பிளாஸ்டிக் உறைக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் அடியிலுள்ள உலோக மூடி கறள் பிடிக்கும், அல்லது பச்சை பூக்கும். பச்சை பூத்ததை நான் சுடுவதில்லை. எங்கள் பக்கத்தில் சிலர் ஈரம் படக்கூடாதென்று அடுப்புக்கு மேலே பரணில் தோட்டாவை வைக்கிறார்கள். மருந்தையும் கேப்பையும் சூடு கெடுக்கும், அதைவிட அது வீட்டுக்கே ஆபத்து. இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு, பூட்டிய பெட்டிக்குள் வைத்தால் போதும்.

தோட்டாவின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். பழைய துவக்குகள் பலவற்றில் அறை 65 மில்லிமீற்றர். இன்று கிடைக்கும் தோட்டாக்களில் பெரும்பாலானவை 70. அந்த எண், சுட்டதும் உறையின் மடித்த வாய் விரிந்த பிறகான நீளத்தைக் குறிப்பது. ஆகவே சுடாத 70 தோட்டா 65 அறைக்குள் தடையின்றிப் போய்விடும், துவக்கும் மூடிக்கொள்ளும். சுடும்போது விரியும் வாய் முன்னாலுள்ள ஒடுங்கிய பகுதிக்குள் புகுந்து சன்னங்களின் (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகளின்) வழியை நெரிக்கும், அழுத்தம் ஏறும். என்னுடையது 70 அறை, குழலின் அடியில் பொறித்திருக்கிறது. இந்த எண்ணைப் பார்க்காமல் பழைய துவக்கை யாரும் கையில் எடுக்க வேண்டாம்.

பிணைச்சலுக்கு வருகிறேன். தோட்டாவை எடுத்துவிட்டு, முன்கட்டையையும் கழற்றி, துவக்கை மூடி, குழலைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். முன்கட்டை பூட்டியிருக்கும்போது அதன் அழுத்தம் ஆட்டத்தை மறைத்துவிடும் என்பதால்தான் கழற்றச் சொல்கிறேன். பிறகு பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் அடிக்கும் பின் சுவருக்கும் இடையே கோடாக ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். எனக்கு 2022 வரை தெரியவில்லை. இப்போது மெல்லிய கீற்று தெரிகிறது. தேய்வுக்குச் சுடுவது மட்டும் காரணமில்லை. துவக்கை ஒரு கையால் 'டப்' என்று அடித்து மூடும் வழக்கம் பிணைச்சல் ஊசியையும் பூட்டையும் ஒருசேர அடிக்கிறது. காவலில் வேகம் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் மூடினேன்.

2024 கார்த்திகைக் கடைசி வெள்ளத்தில் வயலிலுள்ள வாடிக்குள் (காவல் குடிலுக்குள்) தண்ணீர் வந்தது. துவக்கு ஓர் இரவும் அரைப்பகலும் சேற்றில் கிடந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, குழலைத் துணியால் இழுத்துத் துடைத்து, பூட்டைப் பிரித்து எண்ணெயிட்டேன். குழலின் உட்புறம் தப்பியது. அடித்தகட்டின் கீழிருந்த திருகாணி மட்டும் கறளில் இறுகி, திருப்புளிக்கு அசையவேயில்லை, திருத்துநர்தான் எடுத்தார்.

யானை பற்றி யாராவது கேட்பார்கள். இது யானைக்கான பொருள் அல்ல. சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறம்; சன்னம் யானையைக் கொல்லாது, புண்ணாக்கும். புண்ணோடு திரிகிற யானை அடுத்த வட்டையில் ஒரு மனிதரைத் தேடி வரும். யானை வந்தால் யானை வெடியைக் கொளுத்துகிறோம், கூட்டமாகச் சத்தமிடுகிறோம், வழி விடுகிறோம். என்னுடைய 214இல் பெரும்பகுதி பன்றியை விரட்டவும் கிளிக் கூட்டத்தைக் கலைக்கவும் எழுப்பிய சத்தம்தான். அதற்குச் சிறு சன்னத் தோட்டாவே போதும், எஸ்.ஜி. எனும் பெரிய சன்ன ரகத்தின் எட்டு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட சன்னங்கள் வெகுதூரம் போகும், இருட்டில் அந்தப் பக்கம் யாருடைய வாடி இருக்கிறதென்று தெரியாது.

இந்தச் சிறுபோக அறுவடை முடிந்ததும் பிணைச்சலுக்காகத் துவக்கைத் திருத்துநரிடம் கொடுக்கிறேன். புதிய பிணைச்சல் ஊசி போட்டு இறுக்கலாம் என்கிறார். அதுவரை தோட்டாக்கள் போத்தலிலேயே இருக்கும். மச்சான் மறுபடியும் பழைய தகரத்தை வாடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.