நீரைச் சுத்திகரிக்கும் ஒளிவினையூக்கி: தூளாகவா, பூச்சாகவா?

நீரில் கரைந்துள்ள சாயங்களையும் மருந்து எச்சங்களையும் ஒளியின் துணையால் சிதைக்க, டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்களைத் தூளாக நீரில் கலக்கலாம். அல்லது கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூசி, அதன்மேல் நீரை ஓடவிடலாம். எங்கள் ஆய்வுக்கு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது நாங்கள் பூச்சையே எடுத்தோம். இன்றும் என் சாய்வு அதன் பக்கமே.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் என்ற படிக வடிவத்தைத் தூண்டத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், அதாவது அதன் ஆற்றல் இடைவெளி, 3.2 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், சூரிய ஒளியில் ஏறத்தாழ 5 சதவீதமே உள்ள புற ஊதாக் கதிர்தான் அதற்குப் பயன்படும். வேகத்தில் தூள் முந்தும் என்பதிலும் ஐயமில்லை: பரவலாகப் பயன்படும் பி25 வகைத் தூளின் துகள்கள் சுமார் 21 நானோமீட்டர் அளவுள்ளவை, ஒரு கிராமின் புறப்பரப்போ ஏறத்தாழ 50 சதுர மீட்டர்.

ஆனால் வினை முடிந்தபின் அந்தத் தூளை என்ன செய்வது என்பதே என் முடிவைத் தீர்மானித்தது. இவ்வளவு நுண்ணிய துகள்கள் எளிதில் அடியில் படிவதில்லை. சாதாரண வடிதாளிலும் முழுமையாகத் தங்குவதில்லை. நீரின் பிஎச் மதிப்பை 6-ஐ ஒட்டிக் கொண்டுவந்தால் துகள்களின் மின்சுமை ஏறக்குறைய நீங்கி அவை திரண்டு படியும். எனினும் அதற்காகச் சேர்க்கும் அமிலமும் காரமும் நீரில் உப்பாக எஞ்சும். நுண்வடிகட்டிச் சவ்வை வைத்தால் அது அடைத்துக்கொள்ளும், பம்புக்கு மின்சாரமும் தேவைப்படும். தப்பிச் செல்லும் துகள்களோ நீர்நிலையை அடைந்த பின்னும் ஒளிபட்டால் வினைபுரியக்கூடியவை. இயற்கைச் சூரிய ஒளியில் உள்ள அளவு புற ஊதாக் கதிரிலேயே இவை கடல் மிதவைப் பாசிகளின் வளர்ச்சியைக் குறைக்கும் என 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நீரைக் காப்பதற்காகச் செய்யும் வேலை புதியதொரு மாசை நீரில் விட்டுவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

காந்த இரும்பு ஆக்சைடைக் கருவாகக் கொண்ட துகள்களைக் காந்தத்தால் இழுத்தெடுக்கலாம் என்பது உண்மையே. ஆனால் கருவும் அதன்மேலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடும் நேராகத் தொட்டுக்கொண்டால் ஒளியில் கரு கரையத் தொடங்கும், வினைத்திறனும் சரியும். இடையில் சிலிக்கா அடுக்கு வேண்டியிருப்பதால் தயாரிப்பு நீள்கிறது.

பூச்சில் பிரித்தெடுக்கும் வேலையே இல்லை. மாசு மூலக்கூறுகள் படலம் வரை பரவி வந்து சேர வேண்டியிருப்பதால் வேகம் குறையும். நீரை மெல்லிய அடுக்காக ஓடவிட்டு அதைப் பெருமளவு ஈடுகட்டலாம். கவனம் தேவைப்படுவது தயாரிப்பில்தான். சாதாரணச் சோடாக் கண்ணாடியில் பூசி 450 முதல் 500 டிகிரி செல்சியஸில் சூடேற்றும்போது, கண்ணாடியிலுள்ள சோடியம் படலத்துக்குள் ஏறி வினைத்திறனைக் கெடுக்கும். முதலில் சிலிக்கா அடுக்கு ஒன்றைப் பூசுவதோ, போரோசிலிகேட் கண்ணாடியைப் பயன்படுத்துவதோ இதற்கு நல்ல தீர்வு. படலம் உறுதியாக ஒட்டியிருக்கிறதா என்பதை ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தே பார்த்துவிடலாம்.

எங்கள் அனுபவம் ஆய்வகச் சாயக் கரைசலோடு நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையான ஆலைக் கழிவில் உள்ள குளோரைடும் கார்பனேட்டும், ஒளிபட்டதும் உருவாகி மாசைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் உறுப்புகளைத் தாமே விழுங்கி இரு முறைகளையும் மந்தமாக்கும். அத்தகைய நீரில் பூச்சு பல ஆண்டுகள் உரியாமல் நிற்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். புதிய வினையூக்கிகளை விரைவாக ஒப்பிட்டுச் சோதிப்பவர்களுக்கும், பீங்கான் சவ்வு பொருத்திய மூடிய சுழற்சி உலையை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் தூளே ஏற்றது.