உனக்கா லைட்டு, எதிரே வர்றவனுக்கா? பிக்கப் ஹெட்லைட் மாற்றும் முன்

கேத்தி பாலாடாவில் கழுவி மூட்டை பிடித்த கேரட்டை ஏற்றிக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் குன்னூர் வழியே மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறவர்கள் டீக்கடையில் கூடினால் பேசுவது இரண்டைப் பற்றித்தான். ஒன்று டீசல் விலை, இன்னொன்று ஹெட்லைட். "கம்பெனி லைட்டு பத்தலைங்க" என்று சொல்லாத பிக்கப் ஓட்டுநரை நான் பார்த்ததில்லை. காட்டேரி தாண்டும்போது பனி மூடியிருக்கும். கல்லாறு பக்கம் ரோட்டோரம் யானை நிற்கும். நடுவில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. கூடுதல் வெளிச்சம் கேட்பதில் தப்பே இல்லை.

என் போலெரோ பிக்கப்பில் இருப்பது சாதாரண எச்4 ஹாலஜன் பல்பு. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். இந்த ஒரு பல்பைத் திருப்தியாக எரிய வைக்க நான் போட்டுப் பார்த்தவை ரிலே கிட், அதிக வாட் ஹாலஜன், எச்.ஐ.டி கிட், எல்.இ.டி பல்பு. புரொஜெக்டரை மட்டும் என் வண்டியில் போடவில்லை. மச்சான் வண்டியில் போட்டார்கள், அதை ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் எச்.ஐ.டி, ஆசை அங்கேதான் தொடங்குகிறது

கணக்கைப் பார்த்தால் எச்.ஐ.டி, அதாவது செனான் பல்பு, ஜெயிக்க வேண்டியதுதான். பல்பு தரும் வெளிச்சத்தை லூமனில் அளப்பார்கள். எச்4 பல்பின் டிம் இழை தருவது சுமார் 1000 லூமன், பிரைட் இழை சுமார் 1650. கம்பெனி தரத்தில் செய்த 35 வாட் செனான் பல்பு 3200 லூமன் தரும். அதாவது குறைந்த கரண்டில் மூன்று மடங்கு வெளிச்சம். உள்ளே இழையே கிடையாது. பேலஸ்ட் என்ற சின்னப் பெட்டி முதலில் இருபதாயிரம் வோல்டுக்கு மேல் ஒரு அடி அடித்து செனான் வாயுவில் மின்வில்லை (விடாமல் எரியும் மின்பொறி) பற்ற வைக்கிறது, அப்புறம் 85 வோல்ட் அளவில் அதை எரிய விடுகிறது. இழை இல்லாததால் குலுங்கி அறுந்துபோகும் பயமும் இல்லை.

நானும் மயங்கித்தான் போட்டேன். முதல் நாள் ராத்திரி ஷெட்டுக்கு எதிர்ச்சுவர் வெள்ளையாக ஜொலித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு வாரம் அந்தப் பெருமையிலேயே ஓடியது.

பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தியபோது, எனக்குப் பின்னால் வந்து நின்ற ஒரு வயதான லாரி ஓட்டுநர் நேராக என்னிடம் வந்தார். "ஏந் தம்பி, அந்த லைட்டு உனக்கா, எதிரே வர்றவனுக்கா?" என்றார். மேலே ஒரு வளைவில் ஏறி வந்த வேன்காரர் கண் கூசி ஓரக்கல்லில் உரசியதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். எனக்கு அது தெரியவே இல்லை. வெளிச்சத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

காரணம் பல்பில் இல்லை, பல்பைச் செருகும் ஹெட்லைட் கூட்டில், அதாவது டூமில் இருக்கிறது. ஹாலஜன் டூமின் பிரதிபலிப்பான், ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் மெல்லிய இழைச்சுருளுக்காகக் கணக்குப் போட்டு வளைத்தது. எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், டிம் இழைக்கு அடியில் கிண்ணம் மாதிரி ஒரு தகடு இருக்கும். அந்தத் தகடுதான் கீழே போகும் ஒளியை மறைத்து, மேலே ஒளி சிதறாமல் காக்கிறது. எச்.ஐ.டியில் ஒளி வருவது குழாய்க்குள் வளைந்து நிற்கும் மின்வில்லிலிருந்து. அதன் வடிவமும் இழையின் வடிவமும் ஒன்றல்ல. அதை அதே டூமில் செருகினால் ஒளி எங்கெங்கோ போகும். மேலே மரக்கிளை தெரியும், எதிர்வண்டிக்காரரின் முகம் தெரியும், எண்பது மீட்டர் தள்ளி ரோட்டில் கிடக்கும் கல் தெரியாது.

இதில் கண் செய்யும் மோசடி ஒன்று உண்டு. வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளீரென்று இருந்தால் கண்மணி சுருங்கிவிடும். சுருங்கினால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். மனசு மட்டும் "ஆகா, என்ன வெளிச்சம்!" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

எச்4 கிட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. டிம்முக்கும் பிரைட்டுக்கும் ஒரே குழாய்தான். உள்ளே ஒரு காந்தம் அந்தக் குழாயை முன்னும் பின்னும் இழுக்கும். மலை ரோட்டுக் குலுக்கலில் அந்த இழுவை ஆட்டம் காணும். எனக்கு எட்டாவது மாதம் இடது பக்கம் பிரைட்டிலேயே சிக்கிக்கொண்டது. டிம் அடித்தால் ஒரு கண் மட்டும் இறங்கும், இன்னொன்று முறைத்துக்கொண்டே நிற்கும்.

டிப் அடிப்பதும் போயிற்று. மலையில் டிப் அடிப்பது ஒரு பாஷை. வளைவுக்கு முன் பளிச் பளிச் என்று இரண்டு தடவை அடித்தால் "வர்றேன்" என்று அர்த்தம். எச்.ஐ.டி முழு வெளிச்சத்துக்கு வரச் சில விநாடி எடுக்கும். அந்தி நேரத்தில் ஹெட்லைட் போடாமல் டிப் அடித்தால் நீலமாக ஒரு முனகல் வரும், அவ்வளவுதான். அப்படி அடிக்கடி அணைத்து அணைத்துப் பற்ற வைத்தால் பல்பின் ஆயுளும் குறையும்.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். கார்க் கம்பெனிகள் போடும் செனான் சுமார் 4300 கெல்வின், லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை. கடையில் நம் தலையில் கட்டுவது 6000, 8000. நம்பர் ஏற ஏற நீலம்தான் ஏறும், வெளிச்சம் இறங்கும். 8000 கேட்டு வாங்குகிறவர் காசு கொடுத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறார்.

கம்பெனிக்காரன் போடவில்லையா என்று கேட்கலாம். போட்டான். 1991-இல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் முதலில் வந்தபோதே செனானுக்கென்று தனி ஹெட்லைட்டோடுதான் வந்தது. ஐரோப்பிய விதிப்படி 2000 லூமனைத் தாண்டிய ஹெட்லைட்டுக்கு, பாரத்துக்கு ஏற்றபடி தானாக உயரம் சரிசெய்யும் ஏற்பாடும், கண்ணாடியைக் கழுவும் ஏற்பாடும் வேண்டும். காருக்கே அப்படி என்றால், ஒரு டன்னுக்கு மேல் ஏற்றிப் பின்பக்கம் பட்டை அமுங்கி மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும் நம் பிக்கப்புக்கு என்ன வேண்டியிருக்கும்? மூக்கு ஒரே ஒரு டிகிரி தூக்கினால் 25 மீட்டர் தள்ளி ஒளி 44 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். பம்பர் உயரத்தில் விழ வேண்டியது கண்ணுக்குப் போகிறது.

ரிலே கிட்: யாரும் பெருமைப்படாத வேலை

எச்.ஐ.டியைக் கழற்றிய பிறகு, மேட்டுப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு மல்டிமீட்டரை எடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். ஹெட்லைட் எரியும்போது பல்பு ஹோல்டரில் 12.4. மீதி எங்கே? ஸ்டீயரிங் அடியில் இருக்கும் சுவிட்சு வரை போய்த் திரும்பி வரும் மெல்லிய வயரிலும், துருப்பிடித்த எர்த்திலும் சூடாகக் கரைந்துவிட்டது.

ஹாலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறையும். பத்து சதவீதம் வோல்டேஜ் போனால் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் வெளிச்சம் போய்விடும். அவர் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, டிம்முக்கு ஒன்று பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சு) வைத்து, ஃபியூஸ் போட்டு, செராமிக் ஹோல்டர் மாட்டி, புது எர்த் கொடுத்தார். மறுபடி அளந்தால் ஹோல்டரில் 13.7. அதே பல்பு, அதே டூம், முன்னைவிட ஏறக்குறைய நாற்பது சதவீதம் கூடுதல் வெளிச்சம். செலவு எச்.ஐ.டி கிட்டில் பாதிகூட இல்லை. வெளிச்சம் விழ வேண்டிய இடத்திலேயே விழுந்தது, அதுதான் முக்கியம்.

இதைச் செய்யாமல் வேறு எதையும் மாற்றாதீர்கள். சுவிட்சு வழியாகப் போகும் கரண்டும் குறைவதால் சுவிட்சு கருகுவதும் நிற்கும். பிலிப்ஸ், ஓஸ்ராம் மாதிரி நல்ல கம்பெனியின் சாதாரண 60/55 பல்பே போதும். நீலச் சாயம் பூசிய "சூப்பர் ஒயிட்" வேண்டாம், அந்தச் சாயம் வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

100/90 பல்பு

ரிலே போட்டதும் அடுத்த ஆசை இதுதான், பிரைட்டுக்கு 100 வாட், டிம்முக்கு 90 வாட் ஹாலஜன். டிம்மில் ஒரு பல்பு நாலு ஆம்பியருக்குப் பதில் ஏழு ஆம்பியர் இழுக்கும். ரிலே இல்லாமல் போட்டால் ஹோல்டர் உருகும், சுவிட்சு கருகும். ரிலே இருந்தாலும் பிளாஸ்டிக் டூமுக்குள் சூடு ஏறி, பிரதிபலிப்பானின் வெள்ளிப்பூச்சு மங்கிவிடும். மங்கினால் எந்தப் பல்பும் எரிந்து பயனில்லை. இழை சரியான இடத்தில் இருப்பதால் ஒளி எச்.ஐ.டி மாதிரி சிதறாது என்பது உண்மைதான். ஆனால் கண்கூச்சம் அதிகம், சாலையில் ஓட்ட அனுமதியும் இல்லை. நான் இரண்டே மாதத்தில் கழற்றினேன்.

எல்.இ.டி பல்பு

இன்றைக்குக் கடையில் எச்.ஐ.டி கேட்டால் "அதெல்லாம் பழசுங்க, எல்.இ.டி போடுங்க" என்கிறார்கள். பாதி உண்மை. சட்டென்று எரியும், டிப் அடிக்கலாம், கரண்டு குறைவு. ஒளி தரும் சில்லுகளை இழை இருந்த இடத்திலேயே வைக்கப் பார்ப்பதால் நல்ல எல்.இ.டி எச்.ஐ.டியைவிட ஒழுங்காக ஒளி போடும். இருந்தாலும் இழை சுற்றிலும் ஒளி விடும், சில்லு இரண்டு பக்கம்தான் விடும். அதனால் ரோட்டில் அங்கங்கே இருட்டுத் திட்டு. சில்லின் பின்புறச் சூட்டை இறக்கக் குட்டி ஃபேன் ஒன்று சுற்றும், அதற்குள் புழுதி போனால் முடிந்தது. ஃபேன் நீட்டிக்கொண்டிருப்பதால் டூமின் பின்பக்க ரப்பர் மூடி சரியாக உட்காராது, மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். எனக்கு எஃப்.எம்மில் இரைச்சலும் இலவசமாகக் கிடைத்தது. ஜெர்மனியில் 2020-இல் ஓஸ்ராமின் ஒரு எல்.இ.டி பல்புக்குச் சாலையில் ஓட்ட அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு கார் மாடலின் டூமிலும் தனித்தனியாகச் சோதித்து, அந்த மாடல்களுக்கு மட்டும் கொடுத்த அனுமதி அது. பெட்டியின் மேல் "எல்லா வண்டிக்கும்" என்று போட்டிருப்பதைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

புரொஜெக்டர்: எச்.ஐ.டி போட்டே தீருவேன் என்றால்

மச்சான் அப்படிப்பட்ட ஆள். டூமை அடுப்புச் சூட்டில் இளக்கிப் பிரித்து, உள்ளே லென்ஸ் வைத்த பை-செனான் புரொஜெக்டரைப் பொருத்தி மறுபடி ஒட்டிக் கொடுத்தார்கள். இங்கேதான் எச்.ஐ.டி தன் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது. உள்ளே ஒரு தகடு கத்தி வைத்த மாதிரி ஒளியின் மேல் விளிம்பை வெட்டிவிடும். பிரைட் போட்டால் அந்தத் தகடு விலகும். சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே கும்மிருட்டு, கீழே வெண்மை, நடுவில் கோடு. நேர் ரோட்டில் ஓட்டும்போது சொர்க்கம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஒளிக்கோடு இடது ஓரத்தில் மேலே ஏற வேண்டும், ஓரத்தில் நடப்பவரும் பலகையும் தெரிவதற்காக. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த புரொஜெக்டரில் அந்த ஏற்றம் வலப்பக்கம் இருக்கும், நேராக எதிர்வண்டியின் கண்ணில். மச்சானுக்கு முதலில் வந்தது அதுதான். மாற்றி வாங்க மூன்று வாரம் அலைந்தார். பழைய வரிக்கண்ணாடி டூமில் புரொஜெக்டரே வேண்டாம், வரிகள் ஒளியைக் கலைத்துவிடும். ஒட்டும் வேலை சரியில்லை என்றால் முதல் மழைக்கே உள்ளே ஆவி படியும்.

மலையில் அந்தக் கத்தி விளிம்பு கொஞ்சம் பயமுறுத்தவும் செய்யும். இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்கும் பள்ளத்தில், கோட்டுக்கு மேலே ஒன்றுமே தெரியாது. எனக்கு ஹாலஜனின் மங்கலான விளிம்பே அங்கே தோதாக இருந்தது. மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பனியில் எதுவும் எடுபடாது

பனிக்கு மஞ்சள்தான் என்பார்கள். பனித்துளி, ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது. அதனால் எந்த நிறமானாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறும். நீலம் கலந்த வெள்ளை கண்ணை அதிகம் கூசச் செய்யும், அதனால்தான் மஞ்சள் இதமாகத் தெரிகிறது. நிறத்தைவிட விளக்கு இருக்கும் உயரம்தான் பெரிது. பம்பருக்குக் கீழே தாழ்வாக, அகலமாக அடிக்கும் ஃபாக் லைட் ஒரு ஜோடி போட்டால், காட்டேரிப் பக்கம் ஓரக்கோட்டைப் பிடித்துக்கொண்டே இறங்கலாம். 3200 லூமன் எச்.ஐ.டி அங்கே உங்கள் முன்னால் ஒரு வெள்ளைச் சுவரைத்தான் கட்டும்.

போலீசும் எப்.சி.யும்

மத்திய மோட்டார் வாகன விதிகள், எட்டு மீட்டருக்கு அப்பால் நிற்கிறவரின் ஒன்றரை மீட்டர் உயரக் கண்ணைக் கூசாதபடி ஹெட்லைட் கீழ் நோக்கி இருக்க வேண்டும் என்கின்றன. கம்பெனி கொடுத்ததை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் இடம் கொடுப்பதில்லை. புரொஜெக்டர் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதுவும் மாற்றம்தான். ஹெட்லைட் நடுவில் போலீஸ்காரர் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். பலர் எப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சோதனைக்கு) போவதற்கு முந்தின நாள் ஹாலஜனை மாட்டி, சோதனை முடிந்ததும் எச்.ஐ.டியை மாட்டிக்கொள்கிறார்கள். நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன்.

இப்போது என் வண்டியில் ரிலே கிட், 60/55 ஹாலஜன், கீழே மஞ்சள் ஃபாக் லைட். சில கார்களில் டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று உருட்டும் சக்கரம் இருக்கும், பாரத்துக்குத் தகுந்தபடி லைட்டை இறக்க. என் பிக்கப்பில் அது இல்லை, ஸ்குரூடிரைவர்தான். மண்டியின் பின்சுவரிலிருந்து சமதரையில் பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஹெட்லைட் மைய உயரத்தில் சுவரில் ஒரு சுண்ணாம்புக் கோடு, அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இன்னொன்று போட்டேன். லோடோடு நிறுத்தி டிம்மின் மேல் விளிம்பைக் கீழ்க்கோட்டுக்கு இறக்கினேன். காலியாகத் திரும்பும்போது வெளிச்சம் கொஞ்சம் கிட்டத்தில்தான் விழும், போகட்டும். அந்தக் கோடு இன்னும் அங்கே இருக்கிறது. கேரட் இறக்கிவிட்டு ஏலத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற வண்டிக்காரர்களும் வந்து நிறுத்திப் பார்க்கிறார்கள். போன வாரம் ஒருவர் 8000 கெல்வின் எச்.ஐ.டியோடு வந்தார். சுவரில் கோடே தெரியவில்லை.